பிராசஸர் சொல்லட்டும்

செப்டம்பர் 23, திங்கள்

காலையில் மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டர் மறுபடி படுத்துவிட்டது. விருதுநகர் மொத்த வியாபாரி ஒருவருக்கு நானூறு கடைகளின் பெயரை மாற்றி மாற்றி, ஒரே லட்சுமி காலண்டர் படத்தின் கீழே ஏற்றி, அச்சுக்குப் போகும் ஃபைலாக்க வேண்டும். எண்பதாவது கடையில் திரை உறைந்தது. கார்த்தீஸ்வரி எழுந்துபோய்க் காபி குடித்துவிட்டு, டம்ளரையும் கழுவி வைத்துவிட்டு வந்தாள். அப்போது எண்பத்தொன்று.

"அப்பா, இத வச்சு வேல பாக்க முடியாது. புது மெஷின் ஒண்ணு வாங்கித் தாங்க" என்றாள்.

கார்த்தீஸ்வரி என் இளைய மகள். நான்கு வருடமாக இந்த டிசைன் அறையை அவள்தான் நடத்துகிறாள். நான் முதலாளி. மேற்பார்வை, பார்ட்டிகளுக்குச் சமாதானம் சொல்வது, மெஷின்களைச் சுத்தம் செய்வது ஆகியவை என் பொறுப்பு. சிவகாசியில் காலண்டர் சீசனில் இவை சிறிய பொறுப்புகள் இல்லை.

மூன்று மெஷின்களும் வாங்கிய புதிதில் பறந்தன. ஓர் ஆயுத பூஜை தாண்டினால் போதும், படுத்துவிடுகின்றன. தீபாவளி நெருக்கடி மனிதர்களையே இந்தப் பாடு படுத்தும்போது மெஷின் என்ன செய்யும்.

செப்டம்பர் 25, புதன்

மூத்த மகள் ஜெயமாரியின் கணவர், மாப்பிள்ளை சௌந்தரபாண்டி சாத்தூரிலிருந்து வந்தார். அங்கே செல்போன் கடை வைத்திருந்தார். ஆனி மாதம் மூடிவிட்டார். அதைப் பற்றி நாங்கள் யாரும் பேசுவதில்லை. என் மனைவி பூங்கனி கோழி அடித்துக் குழம்பு வைத்தாள்.

கை கழுவியபின் மாப்பிள்ளை சொன்னார்: "மாமா, கார்த்திக்கு இன்னைக்கோ நாளைக்கோ கல்யாணம் ஆகிப் போயிரும். டிசைன் ரூம நான் எடுத்துப் பாக்குறேனே. ஜெயமாரியும் அதத்தான் சொல்றா."

அறைக்குள் கார்த்தீஸ்வரி மவுஸைச் சொடுக்கிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

"பாப்போம் மாப்ள" என்றேன். மாப்பிள்ளையிடம் முடியாது என்று சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. என் மாமனாரும் என்னிடம் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டிய இடங்கள் இரண்டு மூன்று எனக்கே தெரியும்.

செப்டம்பர் 28, சனி

புது மெஷினுக்கு எந்த பிராசஸர் என்பதில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. பிராசஸர் என்பது கம்ப்யூட்டரின் மூளை. உலகத்தில் இதை இரண்டு கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு விற்கின்றன. ஒன்று நீலப் பெட்டியில் வருகிறது, மற்றது ஆரஞ்சுப் பெட்டியில். பேர் வாயில் நுழையாததால் நான் நிறத்தை வைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை நீலம். மதுரையில் தெரிந்த கடையில் முழு மெஷினாகக் கட்டி சீல் வைத்துத் தருவார்களாம். "வெல கூடத்தான் மாமா. சும்மாவா கூட வச்சிருப்பான்?"

கார்த்தீஸ்வரி ஆரஞ்சு. "அத்தான், அவன் பேருக்குக் காசு வாங்குறான். பிராசஸருக்குள்ள கோர்னு இருக்கும். அடுப்பு மாதிரி வச்சுக்கோங்க. நீலத்துல அடுப்பு கம்மி, ஒவ்வொண்ணும் நல்லா எரியும். ஒரு சோறு வடிக்க அது போதும். நமக்கு நானூறு எல போடணும். அடுப்பு நெறைய வேணும். ஆரஞ்சுல நெறைய இருக்கு, வெலையும் கம்மி."

"வீட்டுல எத்தன அடுப்பு இருந்தா என்ன, சமைக்கிற கை ஒண்ணுதான்" என்றார் மாப்பிள்ளை.

அவள் என்னைப் பார்த்தாள். நான் விசிறியைப் பார்த்தேன்.

அக்டோபர் 2, புதன்

விடுமுறை. ஜெயமாரி போனில் அழுதாள். மாப்பிள்ளை வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்க முடியவில்லையாம். மாமியார் காதுபடப் பேசுகிறாராம்.

பிற்பகல் எனக்கு ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனைதான். இரண்டு மெஷினையும் கொண்டுவரச் சொல்வது. நீலத்தை மதுரைக் கடைக்காரர் பத்து நாள் பார்க்கத் தருவார். ஆரஞ்சைக் கார்த்தீஸ்வரி தன் சேமிப்பில் வாங்கித் தானே கட்டிவிடுவாள், தோற்றால் தானே வைத்துக்கொள்வதாகச் சொல்கிறாள். விஜயதசமி காலையில் இரண்டிலும் ஒரே வேலையை ஓட்டுவது. எது முதலில் முடிக்கிறதோ அந்த மெஷின் அறைக்கு. அதைக் கொண்டுவந்தவருக்கே அறைப் பொறுப்பும்.

இதில் யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. முடிவு பிராசஸருடையது. நான் வெறும் மூன்றாம் மனிதன்.

மாப்பிள்ளை உடனே சம்மதித்தார். கார்த்தீஸ்வரி நாற்காலியை என் பக்கம் திருப்பினாள். "நான் பாத்த நாலு வருச வேலைய விட மெஷின் சொல்றதுதான் ஒங்களுக்குப் பெருசாப்பா?" என்றாள்.

"மெஷினுக்குத்தாம்மா போட்டி. ஒனக்கு இல்ல" என்றேன். இது உண்மையும்கூட. ஆரஞ்சு ஜெயிக்கும் என்று அவள் போட்ட கணக்கை நானும் பார்த்திருக்கிறேன். ஒரு ரூபாய்க்கு எத்தனை கடைப் பேர் ஏறும் என்று வகுத்து வைத்திருக்கிறாள். ஆரஞ்சு ஜெயித்துவிட்டால் மாப்பிள்ளையிடம் நான் எதுவுமே சொல்ல வேண்டியதில்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

நாள் முழுவதும் யூடியூபில் பிராசஸர் பற்றிப் பார்த்தேன். ஒரு பையன் நீலம்தான் என்கிறான். அடுத்த வீடியோவில் வேறொருவன் ஆரஞ்சுதான் என்கிறான். இருவரும் ஒரே மாதிரி கோடு போட்டுக் காட்டுகிறார்கள். இருவர் வீட்டிலும் சுவரில் கலர் கலராக விளக்கு எரிகிறது. எனக்குத் தலை வலித்ததுதான் மிச்சம்.

அக்டோபர் 9, புதன்

ஆரஞ்சு மெஷினைக் கார்த்தீஸ்வரி கட்டி முடித்தாள். சின்னதாக ஒரு வேலை ஓட்டிப் பார்த்தாள். சூடு அறுபது டிகிரியைத் தாண்டவில்லையாம், சத்தமும் இல்லை. முகம் நன்றாக இருந்தது. இரவு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள்.

நீலமும் மாலையில் வந்து இறங்கியது. மாப்பிள்ளை கூடவே வந்தார், வேட்டியில்.

அக்டோபர் 10, வியாழன்

நாளை ஆயுத பூஜை. மெஷின் சுத்தம் செய்தேன்.

இந்த வேலையை நான் யாரையும் தொட விடுவதில்லை. பெட்டியைத் திறந்து, தூசி ஊதி, விசிறிகளைக் கழற்றித் துடைப்பேன். எல்லோரும் கம்ப்யூட்டருக்கு வெளியே ஒரு பொட்டு வைத்துவிட்டு விட்டுவிடுவார்கள். திரைக்குப் பொட்டு வைத்து என்ன பயன், வேலை செய்வது உள்ளே இருப்பதல்லவா. நான் பிராசஸருக்கே வைப்பேன். அதன்மேல் விசிறியோடு ஓர் அலுமினியக் கட்டி உட்கார்ந்திருக்கும். கொக்கியை விடுவித்தால் கையோடு வந்துவிடும்.

பழைய மூன்றிலும் போன வருடத்துச் சந்தனம் காய்ந்து உதிர்ந்தது. சுரண்டிவிட்டுப் புதிதாக வைத்தேன்.

நீலத்தைத் திறக்க முடியவில்லை. பின்னால் ஒரு ஸ்டிக்கர். கிழித்தால் கேரண்டி போய்விடும் என்று மாப்பிள்ளை சொன்னார். வெளியே மட்டும் ஒரு பொட்டு.

ஆரஞ்சை மத்தியானம் கார்த்தீஸ்வரி தூங்கும்போது திறந்தேன். புது மெஷின், அதற்குள் பிராசஸர் மேல் சாம்பல் நிறத்தில் ஏதோ பசை மாதிரி அப்பிக் கிடந்தது. புதிதாக வருகிற எல்லா மெஷினிலும் இந்த அழுக்கை நான் பார்க்கிறேன். விரலில் ஒட்டினால் லேசில் போகாது. பழைய பனியனில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டு, மேலும் கீழும் பளபளவென்று துடைத்தேன். பிறகு சந்தனம் குழைத்து நன்றாகவே வைத்தேன், நடுவில் குங்குமம். மற்ற மெஷின்களைவிடக் கொஞ்சம் கூடுதல். இதனால் நடுநிலை தவறிவிட்டதாக நான் நினைக்கவில்லை. நீலத்தைத் திறக்க விடாதது அவர்கள்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. பொரி, கடலை, சுண்டல். எந்த மெஷினையும் தொடவில்லை. கார்த்தீஸ்வரி நெடுநேரம் கண்மூடி நின்றாள். நானும் அதையேதான் வேண்டிக்கொண்டேன். வெளியே சொல்லவில்லை.

அக்டோபர் 12, சனி

விஜயதசமி. நல்ல நேரம் பார்த்து இரண்டு மெஷினிலும் ஒரே சமயத்தில் பொத்தானைத் தட்டினோம். நானூறு கடை. ஓடும்போது யாரும் பெட்டியைத் தொடக் கூடாது என்பது நான் போட்ட விதி. மாப்பிள்ளை பேரில் யாரும் நாளைக்கு ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதே என்று போட்டேன்.

ஆரஞ்சு எடுத்த எடுப்பில் முன்னால் போனது. நீலம் இருபது என்றால் அது முப்பத்தைந்து. மாப்பிள்ளை கையில் வைத்திருந்த வடையைக் கடிக்காமல் இருந்தார். பிறகு ஆரஞ்சின் விசிறி சத்தம் போட ஆரம்பித்தது. அறுபது கடை தாண்டியதும் நடை தளர்ந்தது. அப்புறம் நம் மூன்றாம் நம்பர் மாதிரியே ஆகிவிட்டது.

"அப்பா, சூடு தொண்ணூத்தஞ்சு காட்டுது. புதன்கெழம அறுவதுகூட தாண்டல. எங்கயோ ஏதோ தப்பு. தெறந்து பாக்கணும்."

"விதின்னு ஒண்ணு இருக்கும்மா" என்றேன்.

நீலம் மத்தியானத்துக்கு முன்பே முடித்தது. ஆரஞ்சு அப்போது இருநூற்றுப் பத்தில் நின்றுகொண்டிருந்தது.

"இன்னொரு தடவ ஓட்டலாமாப்பா?" கார்த்தீஸ்வரி மெதுவாகத்தான் கேட்டாள். மாப்பிள்ளை எதிரே உட்கார்ந்திருந்தார். இப்போது வடையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மறுபடி ஓட்டினால் அவர் என்ன நினைப்பார்.

"முடிஞ்சது முடிஞ்சதுதானம்மா" என்றேன்.

அவள் ஆரஞ்சின் வயர்களைப் பிடுங்கிச் சுருட்டி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். உதவிக்குப் போனேன். வேண்டாம் என்றாள்.

அக்டோபர் 13, ஞாயிறு

யாரும் பேசவில்லை. சாம்பாரில் உப்பு இல்லை. அதையும் யாரும் சொல்லவில்லை.

அக்டோபர் 15, செவ்வாய்

கார்த்தீஸ்வரிக்குக் கோயம்புத்தூரில் ஒரு விளம்பர கம்பெனியில் வேலை. முன்பே இரண்டு முறை கூப்பிட்டார்களாம், இவள்தான் சீசனில் அப்பாவை விட்டுவிட்டு வர முடியாது என்று மறுத்தாளாம். இது எனக்குத் தெரியாது. பூங்கனிக்குத் தெரிந்திருக்கிறது. வருகிற திங்கட்கிழமை சேர வேண்டும்.

"போய்ட்டு வா" என்றேன். வேறு என்ன சொல்வது என்று அப்போது தோன்றவில்லை. இப்போது எழுதும்போது நிறையத் தோன்றுகிறது.

அக்டோபர் 17, வியாழன்

மாப்பிள்ளை உற்சாகமாக இருக்கிறார். நாற்காலிக்குப் புதுத் தலையணை வாங்கினார். நீல மெஷின் அருமையாக ஓடுகிறது. தப்பையும் அதே வேகத்தில் செய்கிறது. திங்கட்கிழமை ராகு காலத்தைச் செவ்வாய்க்கிழமைக்குப் போட்டு நானூறு கடைக்கும் ஏற்றிவிட்டார். அச்சுக்கு அனுப்புமுன் அச்சக ஃபோர்மேன் பார்த்து போன் செய்தார். "அண்ணாச்சி, பாப்பா லீவா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

அக்டோபர் 19, சனி

இதை எழுதத்தான் வேண்டும்.

காலையில் கார்த்தீஸ்வரி ஆரஞ்சு மெஷினைப் பஸ்ஸில் கொண்டுபோக வசதியாகக் கழற்றினாள். பிறகு விசிறிக் கட்டியைக் கையில் பிடித்தபடி கீழே வந்தாள். அடிப்பக்கத்தில் சந்தனம் பாளம் பாளமாக வெடித்து, கருகி ஒட்டியிருந்தது. நடுவில் குங்குமம்.

"இத யாருப்பா வச்சது?"

"ஒங்கம்மாவா இருக்கும்" என்றேன்.

"நான் எதுக்குக் கம்ப்யூட்டருக்குள்ள கைய விடப் போறேன்?" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. பூங்கனிக்குக் காது கூர்மை.

"நான்தான்" என்றேன். "அழுக்கு அப்பியிருந்துச்சு. தொடச்சுட்டு வச்சேன்."

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அது அழுக்கு இல்லையாம். பிராசஸரின் சூட்டை வாங்கி மேலே கட்டிக்குக் கடத்துவதற்கென்றே செய்து விற்கிற பசையாம். சந்தனம் கடத்தாதாம். சூடு ஏற ஏற, கருகிப்போகாமல் இருப்பதற்காகப் பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுமாம். ஆரஞ்சு மெஷின் தோற்கவில்லை. சாகாமல் தப்பித்திருக்கிறது.

"எல்லா மெஷின்லயும் வைப்பீங்களாப்பா?"

"எல்லாத்துலயும்தான்."

"வருசா வருசமா?"

"ஆயுத பூச வருசா வருசம்தானம்மா வருது."

சிரித்தாள். கண்ணில் நீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள். "நாலு வருசமா மெஷின் ஏன் படுக்குதுன்னு தெரியாம, நான்தான் ஃபைல ஒழுங்கா செய்யலையோன்னு நெனச்சிட்டிருந்தேன்." சொல்லும்போதே சிரிப்பு நின்றுவிட்டது.

சந்தனத்தைச் சுரண்டினாள், பசை போட்டாள், மெஷினைப் பூட்டினாள், நானூறு கடையையும் ஓட்டினாள். மாப்பிள்ளையும் எழுந்து வந்து பின்னால் நின்று பார்த்தார். நீலம் எடுத்த நேரத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். விசிறி சத்தமே இல்லை.

எனக்கு நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது. "அப்ப முடிவு மாறிருச்சு. ரூம் ஒனக்குத்தான்" என்றேன்.

அவள் திரும்பி உட்கார்ந்தாள். "மெஷின் தோத்தா அத்தானுக்கு, ஜெயிச்சா எனக்கு. அது இருக்கட்டும். நீங்க யாருக்குக் குடுக்கணும்னு நெனச்சீங்கப்பா?"

மாப்பிள்ளை அங்கேயே நின்றிருந்தார். பூங்கனியும் கரண்டியோடு வாசலுக்கு வந்துவிட்டாள். நான் வாயைத் திறந்தேன்.

"காபி ஆறுது" என்றேன்.

கார்த்தீஸ்வரி தலையை ஆட்டிக்கொண்டாள். "பிராசஸருக்கு டெஸ்ட் வைக்கலாம்ப்பா. அது வாயில்லாத பொருள்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள்.

அக்டோபர் 20, ஞாயிறு

போய்விட்டாள். ஆரஞ்சு மெஷினையும் எடுத்துப் போனாள். அவள் காசு.

கிளம்புமுன் பழைய மூன்று மெஷின்களையும் திறந்து, வருடக்கணக்கான சந்தனத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பசை போட்டிருக்கிறாள். நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. குப்பைக் கூடையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

பஸ் ஸ்டாண்டில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, "சாப்பாட்டுக்கு அப்புறம் மாத்திரைய மறந்துராதீங்க" என்றாள். பஸ் போனபின் அடுத்த பஸ் வந்து நிற்கும்வரை அங்கேயே நின்றிருந்தேன். கண்டக்டர் "ஏறுறீங்களா பெரியவரே" என்றார்.

அக்டோபர் 23, புதன்

மூன்றாம் நம்பர் மெஷின் பறக்கிறது. மற்ற இரண்டும் அதே வேகம். புது மெஷினே தேவைப்பட்டிருக்கவில்லை. நீலமும் வேண்டாம், ஆரஞ்சும் வேண்டாம். ஒரு சின்னக் குழாய்ப் பசை, பற்பசையைவிட மலிவு.

நீல மெஷினைக் கடைக்காரருக்குத் திருப்பி அனுப்பலாம் என்றால், பத்து நாள் கெடு சனிக்கிழமையோடு முடிந்துவிட்டது.

அக்டோபர் 25, வெள்ளி

மாப்பிள்ளை இன்று பார்ட்டிகளைப் பார்க்க வெளியே போய் மூன்று புது ஆர்டர் பிடித்து வந்தார். பேச்சில் மனிதர் கெட்டிக்காரர். அறையில் உட்கார்ந்தால்தான் காலண்டர் படத்தில் முருகனுக்கு வலது கையில் இருந்த வேல் இடது கைக்கு மாறிவிடுகிறது. இன்று அதைக் கண்டுபிடித்துத் திருத்த எனக்கே அரை நாள் ஆனது. கார்த்தீஸ்வரி இப்படி எத்தனை திருத்தியிருப்பாள், நான் எத்தனை முறை 'இன்னுமா முடியல' என்று கேட்டிருப்பேன்.

பூங்கனி என்னோடு தேவைக்கு மட்டும் பேசுகிறாள்.

அக்டோபர் 29, செவ்வாய்

மாலை நாலு மணிக்கு அறையில் எல்லா வேலையும் முடிந்துவிட்டது. மெஷின்கள் அவ்வளவு வேகம். செய்ய ஒன்றுமில்லாமல் நானும் மாப்பிள்ளையும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். போனை எடுத்துக் கார்த்தீஸ்வரிக்குப் போட்டேன்.

"என்னப்பா, மெஷின் படுத்துருச்சா?"

"இல்ல. நல்லா ஓடுது. அந்தப் பச எத்தன வருசம் தாங்கும்னு கேக்கலாம்னுதான்."

"மூணு நாலு வருசம் தாங்கும். நீங்க தெறக்காம இருந்தீங்கன்னா."

"சரி."

"வேற என்னப்பா?"

மாப்பிள்ளை செல்போனைத் தடவிக்கொண்டிருந்தார். கேட்காதது மாதிரி இருந்தாலும் விரல் நகரவில்லை. வெளியே போய்ப் பேசலாமா என்று எழுந்தேன். பிறகு உட்கார்ந்துகொண்டேன்.

"அன்னைக்கு ஒண்ணு கேட்டியே. யாருக்குக் குடுக்கணும்னு நெனச்சேன்னு. ஒனக்குத்தான் நெனச்சேன். மொதல்லருந்தே. மாப்ளகிட்ட அதச் சொல்ற தைரியம் இல்லாமத்தான் மெஷினச் சொல்ல விட்டேன்."

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை.

"அத்தான் இருக்காங்களா பக்கத்துல?"

"எதிர்லதான் இருக்காரு."

"அவங்க இருக்கும்போதேவா சொல்றீங்க?"

"ஆமா. நீ இல்லாம எனக்கு நல்லா இல்லம்மா. மெஷினெல்லாம் நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் நல்லா இல்ல."

மாப்பிள்ளை எழுந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். கோபமா என்று தெரியவில்லை. ஜெயமாரியின் போன் வரும். வரட்டும், அதற்கும் நானே பதில் சொல்கிறேன். ஆர்டர் பிடிக்கும் வேலை அவருக்குக் காத்திருக்கிறது என்பதையும் நானே அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"சேந்து எட்டு நாள்தான்ப்பா ஆகுது" என்றாள் கார்த்தீஸ்வரி. "விட்டுட்டு வரணும்னா ஒரு மாசம் நோட்டீஸ் குடுக்கணும்."

ஒரு மாதம் என்றால் சீசனின் பெரும்பகுதி போய்விடும். பரவாயில்லை, நோட்டீஸை நாளைக்கே கொடுத்துவிடு என்றேன்.